ஏழு பந்து வீடு

டெஸ்ட் மேட்ச் அம்பயர் என்றால் மெட்ராஸில் பிறந்து இங்கிலீஷில் தும்முகிற ஆளாகத்தான் இருக்கும் என்று நம்மாட்களுக்கு ஒரு நினைப்பு. பால்வண்ணநாத பிள்ளை தென்காசி ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். குற்றாலச் சீசன் நாளில் மங்குஸ்தான் கூடைக்கும் பலாப்பழத்துக்கும் சீட்டு ஒட்டி ஒட்டி, கை பூராவும் பசை நாற, சாயங்காலம் கீழப்புலியூரில் வீடு வந்து சேருகிற மனுஷன். அவர்தான் அறுபதுகளில் வெள்ளைக்காரன் ஆடின டெஸ்டில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார். ரேடியோவில் பேசினவன் அவர் பேரைப் ‘பால்வனா’ என்று பாதியில் கடித்துத் துப்பினான். போடா நீயும் உன் நாக்கும் என்று தெருவே சேர்ந்து அவனை வைதது.

அந்தப் பெருமையைச் சொல்ல ஊரில் ஆள் நிறைய இருக்கிறது. இது அதற்குச் சில வருஷம் முந்தி, ஐம்பத்தெட்டு ஆடியில் ஆரம்பித்த சங்கதி. அவருடையது என்பதைவிட அவர் தங்கச்சி குழல்வாய்மொழியுடைய சங்கதி என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

குழல்வாய்மொழிக்கு அப்போது இருபத்தாறு வயசு. பெண்கள் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அப்பா அம்மா போய்விட்டார்கள். அண்ணனும் மைனி உலகம்மாளும்தான் எல்லாம். ‘இன்னும் குமரை வீட்டில் வைத்திருக்கிறார்கள்’ என்று சொல்ல வேண்டியவர்கள் எல்லாம் சொல்லி ஓய்ந்திருந்தார்கள். அந்த ஆனியில்தான் ஒரு இடம் தகைந்து வந்தது. வீரகேரளம்புதூர் குற்றாலிங்கம் பிள்ளை மகன் தாணுமாலயன். பி.ஏ. படித்த பையன். பதினைந்து கோட்டை விதைப்பாடு நிலம், தோப்பு, துரவு. பேச்சு முடிந்தது. ஆடியில் நல்ல காரியம் ஆகாது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு.

குழல்வாய்மொழி தாணுமாலயனை விசுவநாதர் கோவிலில் பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு தடவை பார்த்திருந்தாள். அவன் குனிந்து திருநீறு எடுத்தபோது கை நடுங்கினது. பிடித்துப் போயிற்று. அதில் மறைக்க என்ன இருக்கிறது?

அந்த வீட்டில் கிரிக்கெட் நுழைந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். பால்வண்ணநாத பிள்ளைக்கு மட்டையும் பிடிக்க வராது, பந்தும் போட வராது. ரயில்வே டீமுக்குத் தண்ணீர் தூக்கப் போன இடத்தில், அம்பயர் வரவில்லை என்று பிடித்து நிறுத்தினார்கள். நின்றவர் நின்றவர்தான். வெயிலில் ஆறு மணி நேரம் அசையாமல் நிற்கவும், இருபது பேர் கத்தும்போது வாயை மூடிக்கொண்டு இருக்கவும் ஒரு பிறவி வேண்டும். அது அவருக்கு வாய்த்திருந்தது. ரயில்வே பாஸில் மெட்ராஸ் போய்ப் பரீட்சை எழுதினார். முதல் தடவை தோற்று, அடுத்த தடவை தேறி, வெளியூர்களில் ரஞ்சி மேட்சுகளுக்கு நின்றார். அடுத்த படி அகில இந்தியப் பேனல். அதில் பேர் ஏறினால்தான் டெஸ்ட் மேட்சில் நிற்க முடியும்.

அதற்கும் பரீட்சை. சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிற வேலை குழல்வாய்மொழிக்கு. அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டே கேட்பாள்.

“பந்து கால்ல கட்டின பேடுக்குள்ள செருகிக்கிடுச்சு. ஃபீல்டர் ஓடியாந்து உருவிட்டான். அவுட்டா?”

“அவுட் இல்லட்டி. செருகினதுமே பந்து செத்துப்போச்சு.”

“செத்துப்போச்சாம்லா. கருமாதி எப்பமாம்?” என்பாள் உலகம்மாள். அவளுக்குக் கோபம் வேறு விஷயத்தில். ஆடிச் சாரலில் துணி எங்கே காயும்? அம்பயர் கோட்டைச் சோடா போட்டு வெளுத்து, நீலம் முக்கி, கடைசியில் அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயப் போடவேண்டும். மைதானத்தில் அவர் பக்கம் போனால் புளிக்குழம்பு மணக்கும் என்று ஆட்டக்காரர்கள் சிரிப்பார்கள்.

“அம்பயரு ஓவருல பந்தை எண்ணத் தப்பிட்டாரு. அப்பம்?”

“அவரு எண்ணினதே கணக்கு. தப்போ சரியோ அதான் ஓவர்.”

“நல்ல சட்டம்தான், வீட்டுலயும் உண்டும்னா சொல்லுங்க” என்று உலகம்மாள் கரண்டியைத் தட்டுவாள்.

ஆடி பாதியில் சீசன் மேட்ச். தென்காசிக்கும் திருவனந்தபுரத்துக்கும். குற்றாலம் ரோட்டோரத்து மைதானத்தில் தென்னை நார்ப் பாயை விரித்து ஆணி அடித்து ஆடுகிற ஆட்டம். மெட்ராஸ் கிரிக்கெட் சங்கத்து ரத்தினம் சார் அருவியில் குளிக்க வந்து, பங்களா எடுத்துத் தங்கியிருந்தார். மாகாண டீமுக்கு ஆள் பொறுக்குகிறவர் அவர். அம்பயர்களைப் பேனலுக்குச் சொல்லிவிடுகிறவரும் அவரேதான். தாணுமாலயன் தென்காசிக்கு முதல் ஆளாக இறங்கி ஆடுகிறவன். மாகாண டீமில் பேர் வந்தால் மெட்ராஸில் ஏதாவது கம்பெனியில் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள் என்பது குற்றாலிங்கம் பிள்ளையின் கணக்கு. ரத்தினம் சாரும் “பையன் ஒரு செஞ்சுரி போடட்டும், பார்ப்போம்” என்று சொல்லியிருந்தாராம்.

வருங்கால மச்சினன் அம்பயர், மாப்பிள்ளை ஆட்டக்காரன். இது சரிப்படுமா என்று யாராவது யோசித்தார்களா? ஒருத்தரும் யோசிக்கவில்லை. நம்ம ஆளுதான நிக்குதாரு என்று எல்லாருக்கும் உள்ளுக்குள்ளே ஒரு குளிர்ச்சி.

அன்றைக்கு மைனியும் நாத்தனாரும் அருவிக்குப் போய்விட்டு உச்சிமாகாளியின் குதிரை வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தலை ஈரம் காயவில்லை. மைதானத்துப் பக்கம் வந்ததும் குழல்வாய்மொழி, “அண்ணாச்சி, வண்டியைக் கொஞ்சம் ஓரங்கட்டுங்க” என்றாள்.

“எதுக்குட்டி? யாரும் பாத்தா என்ன நினைப்பாவ?” என்றாள் உலகம்மாள். சொல்லிக்கொண்டே அவளும் படுதாவை விலக்கினாள்.

உச்சிமாகாளி குதிரைக்குப் புல்லைக் காட்டிவிட்டு, “தொண்ணூத்திரண்டு அடிச்சிருக்காவளாம் தாயி. போர்டுல தகரம் மாட்டியிருக்கான்” என்று சேதி சொன்னான்.

நூல் நூலாகச் சாரல். ஆட்டத்தை நிறுத்துகிற அளவுக்கு இல்லை. அந்த ஓவரில் ஒரு பந்தைத் தாணுமாலயன் காலை முன்னே வைத்து ஓங்கி விட்டான் பாருங்கள், அது புல்லில் வழுக்கிக்கொண்டு வந்து வண்டிச் சக்கரத்துக்கடியில் நின்றது. குதிரை மிரண்டது. குழல்வாய்மொழி சிரித்தே விட்டாள். அங்கே அண்ணன் நாலுக்குக் கையை ஆட்டினார். அவ்வளவு தூரத்திலும் அவர் பல் தெரிந்தது. மைதானத்தில் அண்ணன் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

“தொண்ணூத்தாறு” என்றான் உச்சிமாகாளி.

அப்புறம் சில பந்து சும்மா போயிற்று. ஒரு பந்து அவன் காலில் பட்டது. திருவனந்தபுரத்துக்காரன் அத்தனை பேரும் கையைத் தூக்கிக் கத்தினான். அண்ணன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். விரலைத் தூக்கினார்.

தாணுமாலயன் போகவில்லை. நின்று அவரையே பார்த்தான். மட்டையால் பாயை ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டுத்தான் நடந்தான்.

“என்னடி ஆச்சு? ஏன் போறாரு?” என்றாள் உலகம்மாள்.

“அவுட்டு மைனி.”

“யாரு குடுத்தா?”

“அண்ணன்தான்.”

உலகம்மாள் படுதாவை இழுத்து மூடினாள். “வண்டியை ஓட்டு” என்றாள்.

சாயங்காலம் அண்ணன் வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் உலகம்மாள் பிடித்துக்கொண்டாள். “நாலு ரன்னு. நாலே நாலு ரன்னு. விரலை மடக்கி வச்சிருந்தா ஒங்களுக்குக் கை வலிக்குமா? கட்டிக்கப்போற பய தானே? ஊரான் வீட்டுப் பிள்ளையா?”

“அவுட்டும்மா.”

“அவுட்டு, அவுட்டு! ஒங்க தங்கச்சியைக் காலம் பூரா வீட்டுலயே வச்சு அவுட்டுன்னு சொல்லிக்கிட்டிருங்க.”

அந்த நேரத்தில் வாசலில் குடையை உதறிக்கொண்டு ஒலி முகம்மது வந்தார். கடையநல்லூரில் தறி வைத்திருக்கிற மனுஷர். ஜில்லாவில் எங்கே மேட்ச் நடந்தாலும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து ஸ்கோர் எழுதுவார். அது ஒரு கிறுக்கு. சொல்லத் தயங்கிக்கொண்டே நின்றார்.

“அண்ணாச்சி, ஒரு சங்கதி. சொன்னா ஒங்களுக்கு மனசு கஷ்டப்படும். சொல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது.”

“சொல்லும் பாய்.”

“அந்த நாலு அடிச்ச ஓவர் இருக்குல்லா. அதுல ஏழு பந்து போட்டாச்சு. தாணுமாலயன் அவுட்டானது ஏழாவது பந்துல.”

குழல்வாய்மொழி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். பால்வண்ணநாத பிள்ளை பந்து எண்ணுகிற முறை வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கோட்டின் இடது பையில் ஆறு புளியமுத்து. பந்துக்கு ஒன்றாக வலது பைக்கு மாற்றுவார். இடது பை காலியானால் ஓவர் முடிந்தது. இப்போது அவர் கை தன்னாலே இடது பைக்குப் போய், அங்கேயே கிடந்தது.

“அந்த நாலுக்கு நான் முத்தை மாத்தல” என்றார்.

“ஒருத்தனுக்கும் தெரியாது அண்ணாச்சி. அந்தப் பக்கம் நின்ன அம்பயரு என்னைக்கு எண்ணியிருக்காரு? எம் பென்சில் எழுத்துதான். ஒரு புள்ளியை அழிச்சா ஆறு பந்து ஆயிரும்.”

“அழிக்காதேயும். எழுதினது எழுதினபடி இருக்கட்டும்.”

ஒலி முகம்மது போனபிறகு தங்கச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “கால்ல பட்ட அந்த எல்.பி. சரிதானண்ணே?”

“அது சுத்தமான அவுட்டு. குருடன்கூடக் குடுப்பான். ஆனா அந்தப் பந்தே போட்டிருக்கக் கூடாதுல்லா, குழலு.” பையிலிருந்து ஒரு முத்தை எடுத்துப் பார்த்தார். “முத்தை மாத்தணும்னு நான் நினைக்கிறதே இல்ல. இத்தனை வருசத்துல கை தானா மாத்தும். அந்த ஒரு பந்துக்கு மட்டும் நான் அம்பயரா நிக்கல. ஒன் மாப்பிள்ளை அடிச்சுட்டானேன்னு சந்தோசமா நின்னுட்டேன். அந்தச் சந்தோசம்தாம்ட்டி அவனை அவுட்டாக்கிருச்சு.”

அவள் அண்ணன் கண் கலங்கி அன்றைக்குத்தான் பார்த்தாள். அம்மா செத்தபோதுகூட அந்த மனுஷன் முகத்தைத் துடைத்துக்கொண்டு விறகு எடுக்கப் போனவர்.

மறுநாள் காலையில் குற்றாலிங்கம் பிள்ளை வந்துவிட்டார். குடையை மடக்கவும் இல்லை, கொண்டுவந்த காப்பியைத் தொடவும் இல்லை.

“நல்லாப் பண்ணினீருவே பால்வண்ணம். ரொம்ப நல்லாப் பண்ணினீரு.”

“உக்காருங்க மாமா.”

“உக்கார வரல. வேற எவனும் குடுத்திருந்தா நான் ஒரு வார்த்தை கேப்பனா? விதின்னு போயிருப்பேன். சம்பந்தி வீட்டாரே என் பையன் சோத்துல மண்ணைப் போட்டா அதை எங்கன போய்ச் சொல்ல?”

“மாமா, கால்ல பட்டது நேர் ஸ்டம்புக்கு...”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுவே. ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடும். ரத்தினம் சார் இன்னைக்கு ராத்திரி வண்டிக்கு மெட்ராஸ் போறாரு. பொழுது சாய பங்களாவுக்கு வாரும். என் மகனையும் நான் அங்கன நிப்பாட்டி வைக்கேன். ‘சார், பந்து வெலகிப் போச்சு, நான் அவசரத்துல குடுத்துட்டேன், தப்பு எம்பேருல’ன்னு ஒரு வார்த்தை சொல்லும். அவரு அது போதும்பாரு. பையன் பேரு ஏறிரும். ஆவணில தட்டு மாத்துவோம். சொல்லலன்னா...” குடையைத் தூக்கினார். “ஒம்ம தங்கச்சிக்கு வேற இடம் பாத்துக்கிடும். எங்க மேல வருத்தம் வேண்டாம்.”

உலகம்மாள் பின்னாலேயே வாசல் வரைக்கும் ஓடினாள். “அண்ணாச்சி, அவுக வருவாவ. நான் அனுப்பி வைக்கேன்” என்றாள்.

அன்றைக்கு அண்ணன் லீவு போட்டார். சோறு இறங்கவில்லை. அவியலை இலையில் ஓரங்கட்டி ஓரங்கட்டி வைத்துக்கொண்டிருந்தவர் தங்கச்சியைக் கூப்பிட்டார்.

“குழலு. நீ சொல்லு. நீ சொன்னா நான் போய்ச் சொல்லிட்டு வந்துருதேன், அவுட் இல்லன்னு.”

“அதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு?” என்றாள் உலகம்மாள். “சட்டையைப் போடுங்க.”

ஒரு வார்த்தை. குழல்வாய்மொழி ஒருதரம் தலையை ஆட்டினால் போதும், ஆவணியில் கல்யாணம். அவளுக்கு ஆசை இல்லையா என்ன? ராத்திரி முழுக்க அந்த நடுங்கின கையைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தாள். ஆனால் அண்ணன் பொய் சொல்லப் போகிற வாயோடு தன் முன்னால் உட்கார்ந்திருப்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

“வேண்டாம்ணே” என்றாள்.

“ஏட்டி!” என்றாள் மைனி.

“இருங்க மைனி. அண்ணே, அவுட்டுன்னா அவுட்டுன்னே சொல்லு. ஏழு பந்து போட்டதையும் சொல்லு. ரெண்டையும் சொல்லிட்டு வா.”

பால்வண்ணநாத பிள்ளை நிமிர்ந்தார். “ரெண்டாவதைச் சொன்னா பேனல் போயிரும்ட்டி. எண்ணத் தெரியாதவன்னு எழுதிருவாவ. அதை யாரும் கேக்கவே இல்லையே.”

“கேக்கலதான். அவுட்டை மட்டும் சொல்லிட்டு இதை மறைச்சா, அது ஒன் பேனலுக்காகச் சொன்ன மாதிரில்லா ஆயிரும்? நான் எங் கல்யாணத்தை விடுதேன்ணே. நீ ஒன் டெஸ்ட் மேட்சை விட மாட்டியா?”

அவர் இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவினார். குடைகூட எடுக்காமல் புறப்பட்டுப் போனார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தொப்பலாக நனைந்து திரும்பினார். உலகம்மாள் துண்டைக் கொடுக்காமலே கேட்டாள். “சொன்னீகளா?”

“ரெண்டையும் சொன்னேன்.”

“அந்த சார் என்ன சொன்னாரு?”

“‘இவ்வளவு நேர்மை இருந்தா கோவிலுக்குப் போய்யா, மைதானத்துக்கு எதுக்கு வர்றே? எண்ணத் தெரியாத ஆளை நான் எப்படிச் சிபாரிசு பண்றது’ன்னாரு. அவுட்டு அவுட்டுதான்னும் சொல்லிட்டாரு.”

“மாப்பிள்ளை அங்கன நின்னாரா?” இது குழல்வாய்மொழி.

“நின்னாரு. ஒண்ணும் பேசல. தலையைக் குனிஞ்சுகிட்டாரு. அவுக அப்பாதான் பேச வேண்டியதைப் பேசினாரு.”

அதோடு பேனலும் போயிற்று, மாப்பிள்ளையும் போயிற்று. ஒரே நாளில் இரண்டையும் பங்களா வாசலில் கொட்டிவிட்டு வந்த குடும்பம் தென்காசியில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஊர் சும்மா இருக்குமா? ‘ஏழு பந்துப் பிள்ளை’ என்று பேர் வைத்தார்கள். ஸ்டேஷனில் பலாப்பழம் கொண்டுவருகிறவன், “அண்ணாச்சி, ஆறு பழம் சரியா எண்ணுங்க, ஏழாக்கிராதீங்க” என்பான். பால்காரி, தயிர்க்காரி எல்லாருக்கும் அது ஏழு பந்து வீடு. பள்ளிக்கூடத்தில் ஒரு வாண்டு குழல்வாய்மொழி காதுபடவே, “ஏழு பந்து டீச்சர் வருதாவ” என்றது. அவள் அதைக் கூப்பிட்டு ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொல்லி நிற்க வைத்தாள்.

உலகம்மாள் புருஷனோடு பேச்சை நிறுத்தினாள். சோற்றுத் தட்டை வைக்கிற சத்தத்தில் அவள் சொல்ல வேண்டியதெல்லாம் இருந்தது. ஆவணி வந்தது, போயிற்று. தையில் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு இரண்டாந்தாரத்துக்குக் கேட்டு வந்தார்கள். குழல்வாய்மொழி மாட்டேன் என்றாள். தாணுமாலயனுக்காகக் காத்திருந்தாளா என்றால், இல்லை. ஒருத்தன் தலையைக் குனிந்துகொண்டான் என்பதற்காக யார் காத்திருப்பார்கள்? சம்பளம் வாங்குகிறேன், எனக்கு ஒன்றும் குறைவில்லை என்று மைனி முகத்துக்கு நேரே சொன்னாள். சொன்ன அன்றைக்குக் கிணற்றடியில் போய் ஒரு பாட்டம் அழுதாள், அதுவும் உண்மைதான்.

பால்வண்ணநாத பிள்ளை அழவும் இல்லை, ஓயவும் இல்லை. மெட்ராஸ்காரர்கள் அந்த வருஷம் ஒரு மேட்சுக்கும் கூப்பிடவில்லை. அதனாலென்ன, கடையநல்லூரில் வாரச்சந்தைத் திடலில் நிற்பார். அம்பாசமுத்திரத்தில் நிற்பார். ஸ்டம்புக்குப் பதில் கம்பை ஊன்றி ஆடுகிற இடத்தில்கூடக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பார். கேலி செய்வார்கள். கடைசிப் பந்தில் கூட்டம் சேர்ந்து “ஏழு, ஏழு” என்று கத்தும். அவர் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. வீட்டுக்கு வந்ததும், “ஏட்டி குழலு, புத்தகத்தை எடு” என்பார். முதலிலிருந்து, ஒன்றாம் சட்டத்திலிருந்து ஆரம்பிப்பார்கள்.

“எத்தனை நாளைக்குண்ணே இது?”

“அவன் கூப்பிடுத வரைக்கும்.”

“கூப்பிடலன்னா?”

“கூப்பிடலன்னா சந்தைத் திடலு இருக்குல்லா. அங்கன அவுட்டானாலும் அவுட்டுதானே.”

அடுத்த ஆடி வந்தது. மதுரைக்காரர்கள் சீசன் மேட்சுக்கு வந்திருந்தார்கள். தென்காசிக் கேப்டன் செல்லப்பா, அம்பயர் பேரைக் கேட்டதும் துள்ளினான். “ஏழு பந்தா? ஏலே, வேற ஆளே கெடைக்கலையா? அவரு வேண்டாம்.”

அப்போது பேடைக் கட்டிக்கொண்டிருந்த தாணுமாலயன், “அவுகளே நிக்கட்டும். அவுக நிக்கலன்னா நானும் ஆடல” என்றானாம். அப்படியே சொன்னான் என்று ஒலி முகம்மது சத்தியம் செய்வார்.

நின்றார். தாணுமாலயன் எத்தனை அடித்தான் என்று கேளுங்கள். இரண்டு! பந்து அவனைத் தாண்டிக் கீப்பர் கைக்குப் போகும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். மதுரைக்காரர்கள் அவுட் கேட்டார்கள், அவர் விரலைத் தூக்கினார். அவன் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்காமல் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தான். கூட்டத்துக்கு ஒரே கொண்டாட்டம். மச்சினன் மறுபடி வச்சுட்டாண்டா ஆப்பு என்று விசில் அடித்தார்கள்.

இந்தச் சேதி பால்வண்ணநாத பிள்ளைக்கு முந்தியே வீட்டுக்கு வந்துவிட்டது. உலகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “இனிமே அந்தத் திசையிலேருந்து காக்கா கூடப் பறந்து வராது” என்றாள்.

காக்கா வரவில்லை. அண்ணன் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தாணுமாலயனே வந்து நின்றான். சாரலில் நனைந்த வெள்ளைக் கால்சட்டையில் புல் கறை அப்படியே இருந்தது.

“உள்ள வரலாமா?”

உலகம்மாளுக்குக் கை கால் ஓடவில்லை. முந்தானையைத் தேடினாள், செம்பைத் தேடினாள். குழல்வாய்மொழி மட்டும் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்ன விசயமா வந்தீக?”

“பொண்ணு கேட்டு” என்றான் அவன். காது சிவந்துவிட்டது. “நானா வந்திருக்கேன். அப்பாவுக்குத் தெரியாது.”

“அதுக்கு முன்ன ஒண்ணு கேக்கணும். கேக்கலாமா?”

“கேளுங்க.”

“இன்னைக்கு எங்க அண்ணன் குடுத்தது அவுட்டா?”

ஐயோ, இந்தப் பெண்ணுக்கு இதுவா நேரம் என்று உலகம்மாளுக்குத் தோன்றியது. ஆமாம் என்று சொல்லித் தொலையேண்டா, சொல்லிவிட்டு உள்ளே வாயேண்டா என்று மனசுக்குள் அவனைக் கெஞ்சினாள். அவனும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான் போலிருந்தது. குழல்வாய்மொழியின் முகத்தைப் பார்த்தான். நிறுத்திக்கொண்டான்.

“இல்ல” என்றான். “மட்டையில படல. முன்னங்கால் பேடுல வாரு மாட்டுத இரும்புப் பக்கிள் இருக்குல்லா, அதுல பட்டுச்சு. அந்தச் சத்தம்தான் அது.”

“அப்பம் ஏன் ஒண்ணும் சொல்லாம வந்தீக?”

“அண்ணாச்சி காதுக்கு மட்டைன்னு கேட்டுச்சு. கேட்டதைத்தான் குடுத்தாவ. போன வருசம் அந்தப் பங்களாவுல நான் நின்னேன். யாரும் கேக்காமலே அவுக தப்பை அவுகளே சொன்னாவ. நான் எதுக்கு அங்கன நின்னுக்கிட்டிருந்தேன்னு ஒங்களுக்குத் தெரியும். அவுட்டுன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சே, அவுக பொய் சொல்லட்டும்னு காத்துக்கிட்டு நின்னேன்.” கால்சட்டையில் இருந்த புல் கறையைத் தேய்த்தான். “அந்த வெக்கத்தோட இந்த வாசலுக்கு வர எனக்கு ஒரு வருசம் ஆயிட்டு.”

“ஒங்க அப்பா?”

“இப்பம் மாட்டேன்னுதான் சொல்லுவாரு. ஆவணிக்குள்ள நான் கூட்டிட்டு வருவேன். வரலன்னா நான் மட்டும் வருவேன்.”

குழல்வாய்மொழி கதவிலிருந்து கையை எடுத்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இரண்டையும் காட்டாமல், “உக்காருங்க. காப்பி போடுதேன்” என்றாள்.

திரும்பினால், பின்வாசலில் முகத்தில் தண்ணீர் சொட்ட அண்ணன் நிற்கிறார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

“பக்கிளா?” என்றார்.

தாணுமாலயன் எழுந்து நின்றான். “ஆமா அண்ணாச்சி. விட்டுத் தள்ளுங்க. ரெண்டு ரன்னுல என்ன...”

“என்னத்தை விட்டுத் தள்ள? ஒரு மனுசனை இல்லாத அவுட்டுக்கு அனுப்பியிருக்கேன்.” துண்டைத் தோளில் போட்டார். “பேடு எங்க?”

“சைக்கிள்ல.”

“எடுத்துட்டு வாரும். மட்டை, பந்து எல்லாத்தையும்.”

“கல்யாணப் பேச்சுக்கு வந்தவரை என்ன செய்யச் சொல்லுதீக?” என்று உலகம்மாள் கத்தினாள். ஒரு வருஷத்துக்கப்புறம் புருஷனோடு அவள் பேசின முதல் பேச்சு அதுதான். ரெண்டு பேருக்கும் அது அப்போது உறைக்கவில்லை.

பேடை ஆணியில் தொங்கவிட்டார்கள். தாணுமாலயன் ஒரு கையில் மட்டையும் ஒரு கையில் பந்துமாக நின்றான். பால்வண்ணநாத பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டார். அவன் பந்தை இரண்டில் ஒன்றில் தட்டினான்.

“மட்டை” என்றார்.

“இல்ல, பக்கிள்.”

“இன்னொண்ணு.”

தட்டினான்.

“பக்கிள்.”

“மட்டைதான் இது. ஓரத்துல.”

மூன்றாவதும் தப்பு. நாலாவது சரி. அடுத்தது மறுபடி தப்பு. குழல்வாய்மொழி கொண்டுவைத்த காப்பி ஆடை கட்டி ஆறிக்கொண்டிருந்தது. தாணுமாலயன் அவளைப் பார்த்தான்; அவள் தட்டுங்கள் என்று கண்ணைக் காட்டினாள். வெளியே சாரல் கனத்தது. அண்ணன் சுவரிலேயே கையை ஊன்றிக்கொண்டு காதைச் சாய்த்தார்.

“நிறுத்தாதீங்க. எனக்கு வித்தியாசம் பிடிபடுத வரைக்கும் போகட்டும்” என்றார். “தட்டுங்க மாப்ளே.”